கதை சொல்பவனை நம்பலாமா?

துப்பறியும் நாவல்களைப் பற்றி நம்மிடையே இருவகை எண்ணங்கள் உள்ளன. ரயில் பயணத்தில் படித்துவிட்டு இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுச் செல்லத் தக்கவை என்பர் சிலர். அறிவைத் தீட்டிக்கொள்ள உதவும் நல்ல விளையாட்டு என்பர் வேறு சிலர். இவற்றுள் எது சரி என்று பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும், வாசகர்களை இரு கட்சிகளாகப் பிரித்துவிட்ட ஒரு நாவலை எடுத்து ஆராய்வதே பயன் தரும். அகதா கிறிஸ்டி எழுதி 1926ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’தான் அந்நாவல்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ஹெர்க்யூல் பாய்ரோ என்னும் துப்பறிவாளர் 1920 முதல் 1975 வரை, 33 நாவல்களிலும் 50க்கு மேற்பட்ட சிறுகதைகளிலும் உலா வந்தவர். அந்த நெடுந்தொடரில் இது மூன்றாவது நாவல். இதன் முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றிய வழக்கைப் பேச இயலாது. ஆகவே, இன்னும் படிக்காத நண்பர்கள் இக்கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, நாவலைப் படித்தபின் திரும்பி வருவதே நல்லது. நூலகப் பிரதிகளின் முதல் பக்கத்திலேயே கொலைகாரனின் பெயரைப் பென்சிலால் எழுதிவைக்கும் புண்ணியவான்களின் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை.

கதையும் வழக்கும்

கிங்ஸ் அபட் என்பது இங்கிலாந்தில் ஒரு கற்பனைக் கிராமம். அங்கே கைம்பெண் ஒருத்தி இறக்கிறாள். தன் கணவனுக்கு நஞ்சிட்டவள் அவள். அந்த இரகசியத்தை அறிந்த ஒருவன் அவளை மிரட்டிப் பணம் பறித்துவந்தான். அவன் யார் என்பதைச் செல்வரான அக்ராய்டுக்குக் கடிதத்தில் எழுதிவிட்டே அவள் உயிர் துறக்கிறாள். அக்கடிதம் வந்த இரவே அக்ராய்டு தம் அறையில் குத்திக் கொல்லப்படுகிறார். ஓய்வு பெற்று அவ்வூரில் பூசணி வகைக் காய் பயிரிட்டுக்கொண்டிருந்த பாய்ரோவிடம் வழக்கு வந்து சேருகிறது.

இவ்வளவையும் நமக்குச் சொல்பவர் உள்ளூர் மருத்துவர் ஷெப்பர்டு. முடிவில், கொலை செய்தவர் அவரே என்று அறிகிறோம்!

வாசகர் பலர் கொதித்தெழுந்தனர். அதற்குக் காரணம் உண்டு. கோனன் டாயில் 1887இல் ஷெர்லாக் ஹோம்ஸையும் வாட்ஸனையும் படைத்த நாள்முதலாக, துப்பறிவாளரின் பக்கத்தில் நின்று கதை சொல்லும் தோழர் களங்கமற்றவர் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது. பாய்ரோவின் முதல் இரு நாவல்களிலும் ஹேஸ்டிங்ஸ் அப்பணியைச் செய்தார். இந்நாவலில் அவர் அர்ஜென்டினாவில் இருக்கிறார். அவருடைய காலி நாற்காலியில் மருத்துவர் அமர்ந்ததும், ஹேஸ்டிங்ஸ் மீது வைத்த நம்பிக்கை முழுவதையும் நாம் இவர் மீது மாற்றி வைத்துவிடுகிறோம். “நாற்காலிதான் பழையது, ஆள் புதியவன்” என்று எவரும் நின்று எண்ணுவதில்லை.

1929இல் பாதிரியாரும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்டு நாக்ஸ் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி தொடக்கத்திலேயே அறிமுகமாக வேண்டும், ஆனால் எவருடைய எண்ண ஓட்டத்தை வாசகன் பின்தொடர்ந்து வருகிறானோ அவர் குற்றவாளியாக இருத்தல் கூடாது என்பது அவற்றுள் முதலாவது. இவ்விதியின்படி அக்ராய்டு நாவல் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதே. டோரதி சேயர்ஸ் என்னும் மற்றொரு புகழ்பெற்ற எழுத்தாளரோ அதற்காக வாதாடினார். எல்லோரையும் ஐயுறுவது வாசகனின் கடமை, அதில் தவறியவன் ஆசிரியரை நோவது ஏன் என்பது அவர் வாதத்தின் சாரம்.

என் தீர்ப்பு

என்னைப் பொறுத்தவரை சேயர்ஸின் பக்கமே நியாயம் இருக்கிறது. அதற்குச் சான்று அந்நாவலின் உள்ளேயே உள்ளது.

கடிதம் அக்ராய்டின் கைக்கு வருவது இரவு 8.40 மணிக்கு. மருத்துவர் அறையை விட்டு வெளியேறுவது 8.50க்கு. இரண்டு நேரங்களையும் அவரே எழுதிவைக்கிறார். இடையிலிருந்த பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. வீட்டிலிருந்து வெளிவாயிலுக்கு ஐந்து நிமிட நடைதான், ஆனால் அவர் வாயிலை அடையும்போது மணி ஒன்பது அடிக்கிறது. அதையும் மறைக்காமல் குறித்திருக்கிறார். எழுதிய எதுவும் பொய்யன்று, எழுதாமல் விட்டதே பொய். மேலும், மருத்துவர் எழுதிவைத்த முதல் இருபது அத்தியாயங்களைப் பாய்ரோவும் வாங்கிப் படிக்கிறார். நமக்குக் கிடைத்த அதே ஏடுதான் அவருக்கும் கிடைத்தது. எழுதியவர் தம்மை எவ்வளவு சாமர்த்தியமாகப் பின்னால் நிறுத்திக்கொண்டார் என்பது அவர் கண்ணில் பட்டது, நம் கண்ணில் படவில்லை. இது ஆசிரியரின் குற்றமா, நம்முடைய குற்றமா?

“முடிவு தெரிந்துவிட்டால் இத்தகைய நூலில் என்ன மிஞ்சும்?” என்று கேட்போரும் உண்டு. அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1945இல் ‘அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கென்ன?’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டுத் துப்பறியும் இலக்கியத்தையே சாடினார். ஆயின் தலைப்பில் அக்ராய்டை இழுத்தவர், கட்டுரைக்குள் அந்நாவலை ஆராயவில்லை. ஆராய்ந்திருந்தால், இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது என்பதைக் கண்டிருப்பார். முதல் வாசிப்பில் நாம் கொலைகாரனைத் தேடுகிறோம். இரண்டாம் வாசிப்பில், நம்முடன் இயல்பாகப் பேசிக்கொண்டே வரும் ஒரு மனிதன் அச்சத்தையும் பேராசையையும் எவ்வாறு நாகரிகமான சொற்களால் மூடி மறைக்கிறான் என்று பார்க்கிறோம். முதல் அத்தியாயத்திலேயே அவர் மனம் கலங்கியிருந்ததாகச் சொல்வது இப்போதுதான் பொருள் விளங்குகிறது.

குறைகள் இல்லாமலில்லை. மருத்துவரின் தமக்கை கரோலைனைத் தவிர ஏனைய பாத்திரங்களில் பெரும்பாலோர் சதுரங்கக் காய்களே. குரலைப் பதிவு செய்யும் கருவியைக் கொண்டு, இறந்தவர் உயிரோடிருப்பதாகக் காட்டும் தந்திரம் சற்றுச் செயற்கையானது. ஆனால் இவை கைத்திறனில் உள்ள குறைகள். நாணயத்தில் குறை காண முடியாது.

காலமும் அந்நாவலின் பக்கமே சாய்ந்தது. 2013இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தினர் வாக்களித்து, எக்காலத்துக்கும் சிறந்த குற்ற நாவலாக இதனையே தேர்ந்தெடுத்தனர். பிரெஞ்சுப் பேராசிரியர் பியேர் பயார் என்பவரோ 1998இல், பாய்ரோவின் தீர்ப்பே தவறு, கொன்றவள் கரோலைன்தான் என்று ஒரு நூலே எழுதினார்! அவர் முடிவை நான் ஏற்கவில்லை. எனினும், துப்பறிவாளரையும் ஐயுற்றுப் படிக்கும் துணிவை மெச்சுகிறேன்.

நமக்கு என்ன?

பாடநூலில் அச்சாகிவிட்டது என்பதற்காகவும், மேடையில் ஒருவர் உருக்கமாகப் பேசினார் என்பதற்காகவும் நாம் நம்பிவிடுகிறோம். சொல்பவன் ‘நான் கண்டேன், நான் இருந்தேன்’ என்று தொடங்கிவிட்டால் நம் ஐயமெல்லாம் பறந்துவிடுகிறது. யார் வாயிலிருந்து எச்செய்தி வந்தாலும் அதன் உண்மையைத் தேர்ந்து தெளிவதே அறிவு என்பது வள்ளுவர் காட்டிய வழி. அந்நெறியை ஒருவர் நமக்குப் போதிக்கலாம். ஆனால் ஏமாந்து அறியும்போது அது நெஞ்சில் பதிவதுபோல் வேறெப்போதும் பதியாது. யாருக்கும் தீங்கின்றி, ஒரு நாவலின் விலைக்குள், அந்த ஏமாற்றத்தை அகதா கிறிஸ்டி நமக்கு அளிக்கிறார்.

ஆகவே மாணவ நண்பர்களே, வரலாற்று நூலைப் படித்தாலும், செய்தித்தாளைப் புரட்டினாலும், தேர்தல் மேடையின் முன் நின்றாலும், சொன்னதெல்லாம் உண்மையா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். சொல்லாமல் விட்ட அந்தப் பத்து நிமிடம் எங்கே என்றும் கேளுங்கள்.