அம்மா கேட்ட கேள்விக்கு என்ன பதில்?



எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்து மேலே படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அப்பா ஆடு மேய்ப்பவர். அம்மா சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறார். நான் மின்னியல் படிப்பதால் ஊரில் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை. போன பொங்கல் லீவில் அந்தப் பெருமை கொஞ்சம் இறங்கிப்போனது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே உள்ள தரிசில் ரெண்டு பேர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். "பெரிய பெரிய பேட்டரி வைக்கப் போறாங்களாம். பகல்ல சோலார் கரண்டைப் பிடிச்சு வச்சு ராத்திரி விடுவாங்களாம்" என்று டீக்கடையில் பேச்சு. "பயலுகளுக்கு வேலை கிடைக்கும்" என்றார்கள் சிலர். "வெடிச்சா ஊரே போயிரும்" என்றார்கள் சிலர். எது நிஜம் என்று எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டார்: "ஏய்யா, நீ கரண்டுக்குத்தானே படிக்கிற. அந்தப் பேட்டரியெல்லாம் ஒரே கட்டடத்துல வைப்பாங்களா, தனித்தனி ரூமா? ரூமுக்கு ரூம் எத்தனை அடி விடுவாங்க?"

நான் சிரித்துவிட்டேன். "அம்மா, இது பட்டாசு இல்ல, பேட்டரி" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தழும்பு உள்ள கையால் எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டுவிட்டு எழுந்து போனார்.

விடுதிக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆசிரியரிடம் கேட்டேன். கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் ஏன் சிரித்தேன் என்று வெட்கமாகிவிட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பேட்டரிக்கு எதிரி அல்ல. சூரியன் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விடும். ஆனால் வீடுகளில் விளக்கும் ஃபேனும் டிவியும் ஓடத் தொடங்குவது அப்போதுதான். ஆடிக் காற்றில் காற்றாலைகள் சுற்றித் தள்ளுகின்றன. சில நேரம் அந்தக் கரண்டை எடுத்துக்கொள்ள முடியாமல் அவற்றையே நிறுத்தி வைக்கிறார்கள். மிச்சத்தைச் சேர்த்து வைக்க ஒரு குதிர் வேண்டும். நெல்லுக்குக் குதிர் போல மின்சாரத்துக்குப் பேட்டரி. இது தேவையான விஷயம்தான்.

ஆனால் குதிரை எங்கே வைப்பது, எப்படி வைப்பது?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் மாஸ் லேண்டிங் என்று ஒரு கடற்கரை ஊர். சுற்றிலும் ஸ்ட்ராபெர்ரி தோட்டம், பக்கத்தில் சதுப்பு நிலம். அங்கே பழைய மின் நிலையத்தின் டர்பைன் கட்டடத்துக்குள் 300 மெகாவாட் லித்தியம் பேட்டரிகளை 2020 டிசம்பரில் ஓடவிட்டார்கள். உலகத்திலேயே பெரிய பேட்டரி நிலையங்களில் ஒன்று. 2021-லும் 2022-லும் அங்கே பேட்டரிகள் சூடாகி, தண்ணீர் கசிந்து சிறிய விபத்துகள் நடந்தன. பிறகு 2025 ஜனவரி 16-ஆம் தேதி மதியம் பெரிய தீ. கட்டடத்தில் இருந்த ஏறத்தாழ ஒரு லட்சம் மாட்யூல்களில் பாதிக்கு மேல் சேதமாகின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். நெடுஞ்சாலையை மூடினார்கள். தீயணைப்புப் படையினர் அதை எரிந்து அடங்கட்டும் என்று விட வேண்டியதாயிற்று. ஒரு மாதம் கழித்து பிப்ரவரி 18-ஆம் தேதி மறுபடியும் புகைந்து எரிந்தது!

உயிர்ச்சேதம் இல்லை. காற்றில் நச்சு வாயு அபாய அளவைத் தாண்டவில்லை என்று அரசு சோதனை சொன்னது. ஆனால் பக்கத்துச் சதுப்பு நிலத்தின் மேல்மண்ணில் நிக்கல், கோபால்ட், மாங்கனீசு கூடியிருப்பதைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அளந்து கண்டார்கள். கண்மாய்க் கரையில் ஆடு மேய்ப்பவரின் மகனுக்கு இது சாதாரணச் செய்தியா?

இப்போது இன்னொரு ஊர். ஆஸ்திரேலியாவில் ஜீலாங் அருகே, 2021 ஜூலை 30. அதுவும் 300 மெகாவாட் நிலையம்தான். சோதனை ஓட்டத்தின்போது ஒரு பேட்டரிப் பெட்டியில் தீப்பிடித்து அடுத்த பெட்டிக்குத் தாவியது. தீ முழுதாக அடங்க நான்கு நாள் ஆனது. ஆனால் மொத்தம் 212 பெட்டிகளில் எரிந்தவை இரண்டுதான்! காரணம், அவை திறந்த வெளியில் தனித்தனிப் பெட்டிகளாக நின்றன. பக்கத்துப் பெட்டிகளைத் தண்ணீர் அடித்துக் குளிரவைக்க முடிந்தது.

ஒரே கட்டடமா, தனித்தனியா? எத்தனை அடி இடைவெளி? என் அம்மா கேட்டது இதைத்தானே!

லித்தியம் செல் ஒன்று அளவு மீறிச் சூடானால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு உருகி ஷார்ட் ஆகிறது. அந்தச் சூடு அடுத்த செல்லுக்கு, அங்கிருந்து அதற்கடுத்த செல்லுக்கு. சரவெடி மாதிரித்தான். எரியக்கூடிய வாயுவும் வெளியே வரும். 2019 ஏப்ரல் 19-ஆம் தேதி அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சின்ன பேட்டரி நிலையத்தில் தீயணைப்பு வாயு தானாகவே பீய்ச்சியது. ஆனாலும் உள்ளே செல்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சூடாவது நிற்கவில்லை. வாயு அறைக்குள் சேர்ந்தது. சில மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது வெடித்து, தீயணைப்பு வீரர்கள் பலத்த காயம் அடைந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது, கதவை எப்போது திறக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் முன்பே சொல்லித் தந்திருக்கவில்லை.

பட்டாசு ஆலையில் ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, ரூமுக்கு ரூம் இடைவெளி விட வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது விதி. இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பேட்டரி நிலையங்கள் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டன. நிறுவிய அளவோடு ஒப்பிட்டால் 2018-க்கும் 2023-க்கும் இடையில் விபத்துகள் 97 சதவீதம் குறைந்துவிட்டன என்று அமெரிக்க மின்சக்தி ஆராய்ச்சிக் கழகம் கணக்கிட்டுள்ளது. எப்படிக் குறைந்தன? விபத்து நடந்த இடத்தில் எல்லாம் யாரோ கேள்வி கேட்டார்கள், அதனால் டிசைன் மாறியது. கேள்வி கேட்டவர்கள் வளர்ச்சியைக் கெடுக்கவில்லை நண்பர்களே, வளர்ச்சியைத் திருத்தினார்கள்!

ஆனால் நம் வகுப்பிலேயே இதைச் சொன்னபோது, "படிக்காத சனங்க எதுக்கெடுத்தாலும் பயப்படும்டா" என்று ஒரு நண்பன் சொன்னான். நானும் அப்படித்தானே சிரித்தேன்? தெரியாமல் பயப்படுவது வேறு. பட்டறிந்து கேட்பது வேறு. கேட்கிறவர் கைநாட்டு என்பதற்காகக் கேள்வியும் கைநாட்டு ஆகிவிடுமா?

ஆகவே என் தாழ்மையான கருத்து இது. இப்படி ஒரு நிலையம் எந்த ஊருக்கு வந்தாலும், முதல் லாரி வருவதற்கு முன்பே கிராம சபையில் வரைபடத்தை விரித்து வைத்துப் பதில் சொல்ல வேண்டும். எந்த வகை பேட்டரி? பெட்டிக்குப் பெட்டி எத்தனை அடி? வீடும் பள்ளிக்கூடமும் எவ்வளவு தூரம்? தீயை அடக்க அடிக்கும் தண்ணீர் கண்மாயில் கலக்காமல் எங்கே தேங்கும்? பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குப் பயிற்சி கொடுத்தாயிற்றா? ராத்திரி ரெண்டு மணிக்குப் புகை வந்தால் ஊருக்கு யார் சொல்வது? ஆயுள் முடிந்த பேட்டரியை யார் எடுத்துப் போவது? கிராம சபை ஆண்டுக்கு ஆறு தடவை கூடுகிறது. ஒரு தடவையாவது இதற்காக நாம் போய் உட்கார வேண்டாமா?

"நாம்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு அந்த நிலையத்தில் ஷிப்ட் பார்க்கப் போவது டிப்ளமோ படித்த நாம்தான். வேலை கிடைத்தால் நானும் சந்தோஷமாகப் போவேன்; மறைக்கவில்லை. எங்கள் வீட்டுக் கடனுக்கு அந்தச் சம்பளம் வேண்டும். முதலில் கதவைத் திறக்கும் கையும் நம் கைதான். கம்பெனிக்காரர் பேசும் பாஷையும் நமக்குப் புரியும், டீக்கடை பாஷையும் நமக்குப் புரியும். ரெண்டுக்கும் நடுவே நின்று பேச நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அடுத்த லீவில் ஊருக்குப் போய் அம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்பேன். பிறகு நோட்டில் படம் போட்டுக் காட்டுவேன். அம்மா இன்னும் ரெண்டு கேள்வி கேட்பார். அதையும் எழுதிக்கொள்வேன்.

கேட்போம்! கேட்கிறவர்களுக்குத் துணை நிற்போம்!

– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை