முந்நூறாண்டு விழாவும் மூன்று கணக்கும்

விழா எடுப்பது எளிது. தோரணம் கட்டலாம், சிறப்பு மலர் வெளியிடலாம், மாண்டவர் மாண்பை மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் ஆண்டுகளை எண்ணிய விரல், அந்த ஆண்டுகள் மனிதனுக்கு என்ன தந்தன என்பதையும் எண்ண வேண்டாமா? எண்ணாவிடில் அது விழாவன்று, வேடிக்கை!

தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் 1718இல் எழுந்தது. 2018இல் அதற்கு முந்நூறு வயது. 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 2019இல் நூறு வயது. "அங்கே நடந்த விழா பற்றித் திருவொற்றியூரில் ஏன் பேச்சு? பாதிரிமார் விழாவில் பகுத்தறிவாளனுக்கு என்ன வேலை?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு. பட்டினத்தடிகள் அடங்கிய மண் நம் ஒற்றியூர். வள்ளலார் நாடி வந்து பாடிய மண். சாதி வேற்றுமையை மறுத்த அந்த வள்ளலாரின் அளவுகோலை எவர் விழாவிலும் நீட்டிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு.

முதற் கணக்கு, மொழி. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், டென்மார்க் மன்னன் அனுப்பிய ஜெர்மானியர் இருவர் தரங்கம்பாடியில் இறங்கினர். அவர்களில் ஒருவர் சீகன்பால்கு. அவர் பள்ளிச் சிறாரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். டேனியக் கோட்டைத் தலைவனே அவரை 1708இல் சிறையிலிட்டான்; நான்கு திங்கள் சிறை! வெளிவந்தவர் ஓய்ந்தாரில்லை. 1715க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறிற்று. இலத்தீன் பூட்டை உடைத்து, 1522இல் தன் மக்களின் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டைத் தந்த லூதர் காட்டிய வழி அது. வந்தவனுக்கு ஒன்பதாண்டு போதுமானதாயிற்று. நமக்கோ, தமிழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் குடமுழுக்கில் தமிழும் ஒலிக்க, 2020இலும் வழக்குமன்றப் படியேற வேண்டியிருந்தது! இந்தக் கணக்கில் அவர்களுக்கு வாழ்த்துக் கூறுவோம், தயக்கமின்றிக் கூறுவோம்.

இரண்டாம் கணக்கு, ஆட்சி. 1733இல் ஆரோன் என்ற தமிழர் குருவானார். நன்று. ஆனால் பேராயர் பீடம்? 1921இல் அதில் அமர்ந்தவர் சுவீடன் நாட்டு ஹியூமன். இராஜா மாணிக்கம் என்ற தமிழர் அதில் அமர்ந்தது 1956இல். எண்ணிப் பாருங்கள்! தமிழில் வேதம் படிக்க ஒன்பதாண்டு. தமிழன் தலைமை ஏற்க இருநூற்று ஐம்பது ஆண்டு! மொழியை வாழவிடுவது வேறு, அம்மொழிக்குரியவனிடம் அதிகாரத்தை ஒப்படைப்பது வேறு. இப்பாடத்தை அரசியலில் இருப்போர் மறத்தலாகாது.

மூன்றாம் கணக்கு, சாதி. இதுதான் நெஞ்சைச் சுடும் கணக்கு. தஞ்சை மன்னன் படையில் பணியாற்றிய இராசநாயக்கன், தாழ்த்தப்பட்ட வகுப்பினர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதம் அவர் கைக்கு வந்தது. படித்தார், உருகினார், ஊழியத்துக்கு வந்தார். உழைப்பில் குறைவில்லை, அறிவில் குறைவில்லை. ஆயினும் 1741இல் மற்றொருவர் குருவாக்கப்பட்டார். இவர் உபதேசியாராகவே நிறுத்தப்பட்டார். ஏன்? இவர் கையால் நற்கருணை பெற மேல்வகுப்பார் இசையார் என்ற அச்சம்! நூல் அழைத்தது, பீடம் மறுத்தது. வேதம் கப்பலில் வந்தது. சாதி கப்பலில் வரவில்லை. இங்கேயே இருந்தது, ஆலயக் கதவு திறந்ததும் வேதத்துக்குப் பின்னாலேயே உள்ளே நுழைந்துகொண்டது.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் வகுப்பாருக்கான உரிமையை இந்துக்களுக்கென வரையறுத்தது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரான ஆதித்திராவிடர் வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். அவர்களையும் சேர்க்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. "உன் மதத்தில் சாதி இல்லை, ஆகவே உனக்கு உரிமை இல்லை" என்கிறது சட்டம். "உன் சாதியை நாங்கள் மறக்கவில்லை" என்கிறது தெரு. சட்டத்துக்கு அவன் கிறித்தவன், ஊருக்கு அவன் சேரிக்காரன். இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் அவன்! விழா மேடையிலிருந்து இவனுக்காக எழும் குரலே விழாவின் முதற் குரலாக இருக்க வேண்டும்.

தோழர்களே! அவர்களை நோக்கி நீட்டிய விரலை நம் பக்கமும் திருப்புவோம். நாமும் ஆண்டு விழா எடுக்கிறோம், கொடி ஏற்றுகிறோம், ஊர்வலம் நடத்துகிறோம். நம் கிளையில் செயலாளர் பொறுப்பு எந்தத் தெருவுக்குப் போகிறது? மேடையில் நாற்காலி யாருக்கு, மேடைக்கு முன்னே மணல் யாருக்கு? சுவரொட்டி ஒட்ட விழிப்பவன் ஒருவன், வேட்பாளராக விளிக்கப்படுபவன் வேறொருவன் என்றால், தரங்கம்பாடியின் மூன்றாம் கணக்கு நம் ஏட்டிலும் நிலுவையில் இருக்கிறது என்றே பொருள்.

அந்த நிலுவையைத் தீர்க்கும் பணியை, அடுத்த கிளைத் தேர்தலிலேயே தொடங்குங்கள்.