செங்கோண நாற்காலி என்னும் நம்பிக்கை

மேசை முன் நீண்ட நேரம் பணியாற்றுவோர் முதுகை நிமிர்த்தி, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக மடங்கும்படி அமர வேண்டும் என்பதும், உடலை அந்த நிலையில் பிடித்து நிறுத்துவதே நல்ல நாற்காலியின் இலக்கணம் என்பதும், பள்ளி வகுப்பறை முதல் மென்பொருள் நிறுவனங்களின் சுவரொட்டிகள் வரை ஏறத்தாழ மறுப்பின்றி நிலவும் கருத்துகளாகும். இவற்றையொட்டி, சாய்ந்து அமர்வது முதுகைக் கெடுக்கும், கீழ்முதுகில் புடைப்பு பெரிதாக இருந்தால் ஆதாரமும் மிகும், விலை உயர்ந்த நாற்காலி எவருக்கும் பொருந்தும், சரியான நாற்காலி முதுகுவலியைத் தடுத்துவிடும் என்னும் துணைக் கருத்துகளும் விற்பனையாளர்களாலும் வாங்குவோராலும் ஒருசேர நம்பப்படுகின்றன. இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை கலந்திருப்பதால், இவற்றை முற்றாகத் தள்ளுவதைவிட உண்மை எந்த எல்லைவரை செல்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே முறையாகும்.

முதலாவதாக, செங்கோணம் உடலுக்கு இயல்பானது என்னும் கூற்றை உடற்கூற்றியல் ஆதரிக்கவில்லை. நிற்கும்போது கீழ்முதுகு உட்புறமாகச் சற்று வளைந்திருக்கிறது. ஒருவர் அமரும்போது தொடைக்கும் உடற்பகுதிக்கும் இடையே உண்டாகும் 90 பாகை மடிப்பு முழுவதையும் இடுப்பு மூட்டே தருவதில்லை. ஏறத்தாழ 60 பாகையை மட்டுமே அம்மூட்டு தருகிறது என்றும், எஞ்சியது இடுப்பெலும்பு பின்னோக்கி உருண்டு கீழ்முதுகின் வளைவு தட்டையாவதால் கிடைக்கிறது என்றும் ஜெர்மானிய மருத்துவர் ஷோபர்ட் 1962இல் விளக்கினார். அதற்கு முன்பே, 1953இல், அமெரிக்க மருத்துவர் கீகன் வெவ்வேறு நிலைகளில் எடுத்த எக்ஸ்ரே படங்களைக் கொண்டு, தொடைக்கும் உடற்பகுதிக்கும் இடையிலான கோணம் 135 பாகை அளவில் இருக்கும்போதே கீழ்முதுகு தன் இயல்பு வளைவுக்கு மிக அருகில் இருக்கிறது என்று காட்டியிருந்தார். ஆகவே, செங்கோணமாக அமர்ந்துகொண்டே முதுகை நிமிர்த்த முயல்பவர், தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பெலும்பைப் பின்னுக்கு இழுக்க, முதுகுத் தசைகளைக் கொண்டு அதை முன்னுக்கு இழுத்தபடியே வேலை செய்கிறார். சில நிமிடங்களில் அவர் தளர்ந்து கூனுவதற்குக் காரணம் மன உறுதிக் குறைவன்று, தசைச் சோர்வே ஆகும். செங்கோணத்தின் செல்வாக்குக்கு உடலைவிட வரைபலகையே காரணமாக இருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. அளப்பதற்கும் வரைவதற்கும் அதைவிட எளிய கோணம் இல்லை.

இரண்டாவதாக, சாய்ந்து அமர்வது முதுகெலும்பைக் கெடுக்கும் என்னும் கூற்று அளவீடுகளுக்கு நேர் எதிரானது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் அமைந்துள்ள இடைத்தட்டில், அதாவது பேச்சுவழக்கில் டிஸ்க் எனப்படும் பகுதியில், ஊசி வழியாக அழுத்தத்தை அளக்கும் முறையை ஸ்வீடனின் யோதெபோரி நகர ஆய்வாளர்களான நாகெம்சனும் ஆண்டர்சனும் 1960களிலும் 1970களிலும் வளர்த்தெடுத்தனர். முதுகுச் சாய்மானம் பின்னோக்கிச் சரியச் சரிய இடைத்தட்டின் அழுத்தம் குறைகிறது என்பதும், கீழ்முதுகுக்கும் கைகளுக்கும் ஆதாரம் கிடைக்கும்போது அது மேலும் குறைகிறது என்பதும் அவர்கள் கண்டவை. ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கேயின் குழு 1999இல் வெளியிட்ட அளவீடுகள் இன்னும் கூர்மையானவை: தளர்வாக நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், சாய்மானமின்றி முதுகை வலிந்து நிமிர்த்தி அமர்ந்தபோது 0.55 ஆகவும், சாய்மானமின்றி முன்னோக்கி முழுவதும் கூனியபோது 0.83 ஆகவும், நாற்காலியில் சரிந்து சாய்ந்தபோது 0.27 ஆகவும் இருந்தது. இந்த ஆய்வு ஒரே ஒரு தன்னார்வலரின் உடலில் நடந்தது என்பதையும், அழுத்தம் வேறு வலி வேறு என்பதையும் மறந்துவிட்டு இவ்வெண்களைச் சட்டமாக்குவது, மறுக்கப்படும் கூற்றின் குற்றத்தையே திரும்பச் செய்வதாகும். ஆயினும், முதுகின் சுமையைத் தீர்மானிப்பது நிமிர்வா சாய்வா என்பதைக் காட்டிலும், உடற்பாரத்தை நாற்காலி தாங்குகிறதா, தசை தாங்குகிறதா என்பதே என்னும் முடிவு இரு அளவீடுகளிலும் ஒத்துவருகிறது.

எதிர்த்தரப்புக்கு இங்கே வலுவான ஒரு வாதம் உண்டு. முதுகு பின்னே சாயும்போது கண் திரையை விட்டு விலகுவதால், எழுத்துகளைப் படிக்கத் தலையை மட்டும் முன்னே நீட்டுவோர் கழுத்துக்குப் புதிய சுமையை வரவழைத்துக்கொள்கின்றனர். இது உண்மையே என்றாலும், குறை சாய்வில் இல்லை, திரை இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. திரையை அருகே இழுத்து, அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்படி உயர்த்தி, விசைப்பலகையை மடியை நோக்கி நகர்த்தினால் இவ்வாதம் வலுவிழக்கிறது. திரையும் விசைப்பலகையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கும் மடிக்கணினியில் இது இயலாது. மடிக்கணினியில் மட்டும் நாள் முழுவதும் பணியாற்றும் ஒருவர் புதிய நாற்காலிக்குச் செலவிடும் முன் தனி விசைப்பலகை ஒன்றையும் மடிக்கணினியை உயர்த்தி வைக்கும் தாங்கி ஒன்றையும் வாங்குவதே சிக்கனம்.

கீழ்முதுகுப் புடைப்பைப் பற்றிய மூன்றாவது கூற்றுக்கு நெடிய வரலாறு உண்டு. ஜெர்மானிய எலும்பியல் மருத்துவர் ஸ்டாஃபெல் 1884இலேயே அப்பகுதிக்கு ஆதாரம் வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆதாரம் தேவை என்பதில் ஐயமில்லை. அது பெரிதாக இருக்க வேண்டும் என்பதே பிழை. புடைப்பு தன் இடத்துக்குச் சற்று மேலே விழுந்தால் விலாவை முன்னுக்குத் தள்ளும். கீழே விழுந்தால் உட்காருபவரையே இருக்கையின் முன்விளிம்புக்குத் தள்ளிவிடும். எனவே உயரத்தை மாற்ற முடியாத தடித்த புடைப்பைவிட, இடத்தை நகர்த்தக்கூடிய மெல்லிய ஆதாரமே மேலானது. நாற்காலியின் முதுகுக்கும் இருக்கைக்கும் இடையே பிட்டம் பின்னே செல்வதற்கு இடைவெளி இருக்கிறதா என்பதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் புடைப்பு எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருந்தாலும் முதுகைச் சேராது.

விலை உயர்ந்த நாற்காலி எவருக்கும் பொருந்தும் என்னும் நான்காவது கூற்றே வாங்குவோருக்கு மிகுந்த இழப்பை உண்டாக்குகிறது. 1994இல் ஹெர்மன் மில்லர் நிறுவனம் வெளியிட்ட ஏரான் நாற்காலி, இன்றைய வலைத்துணி நாற்காலிகளுக்கெல்லாம் முன்னோடியாகக் கருதப்படுவது, ஏ, பி, சி என மூன்று அளவுகளில் வந்தது என்பதே இக்கூற்றுக்குப் போதிய மறுப்பு. உடலளவியல், அதாவது மக்களின் உடல் உறுப்புகளை அளந்து வகுக்கும் துறை, சராசரி மனிதர் என ஒருவர் இல்லை என்பதைத் தொடக்கப் பாடமாகவே கொள்கிறது. இந்தியர்களுக்கான அளவுகளை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தேவகுமார் சக்ரவர்த்தியின் நூலாக வெளியிட்டபோதும், சந்தையில் கிடைக்கும் நாற்காலிகள் பலவும் மேலைநாட்டு அளவுகளைத் தழுவியே இன்றுவரை வருகின்றன.

இதன் விளைவை ஏறத்தாழ 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அவருக்கு வெறுங்காலில் 38 சென்டிமீட்டர் அளவே இருக்கும். ஆனால் சுழல் நாற்காலிகள் பலவற்றில் இருக்கையை முழுவதும் தாழ்த்தினாலும் அது 42 அல்லது 43 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. அவருடைய பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 43 சென்டிமீட்டர் எனக் கொண்டால், மடிப்புக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி விட்ட பிறகு இருக்கையின் ஆழம் 39 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். சந்தையில் 45 முதல் 50 வரை ஆழமுள்ளவையே மிகுதி. எனவே அவர் பின்னே தள்ளி அமர்ந்தால் விளிம்பு கெண்டைக்காலில் குத்துகிறது, முன்னே நகர்ந்தால் சாய்மானம் முதுகை விட்டுப் போகிறது. பல்லாயிரம் ரூபாய் பெறும் முதுகு ஆதாரம் காற்றுக்கு ஆதாரமாக நிற்கிறது.

சிக்கல் நாற்காலியோடு முடிவதும் இல்லை. வழக்கமான மேசையின் உயரம் 75 சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது. இருக்கையிலிருந்து முழங்கை வரை 20 சென்டிமீட்டர் எனக் கொண்டால், கால் தரையில் படும்படி 38 சென்டிமீட்டர் உயரத்தில் அமர்ந்த அதே பெண்ணின் முழங்கை 58 சென்டிமீட்டரில் நிற்க, அவர் தட்டச்சு செய்ய வேண்டிய பரப்போ 17 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்வது, அல்லது நாற்காலியை உயர்த்திவிட்டுக் காலைத் தொங்கவிடுவது என்னும் இரண்டே வழிகள் அவருக்கு எஞ்சுகின்றன. உயர்த்திய நாற்காலியோடு ஒரு கால்பலகையைச் சேர்ப்பதும், மேசையின் அடியில் விசைப்பலகைக்கான தாழ்ந்த தட்டு ஒன்றைப் பொருத்துவதும், தச்சரைக் கொண்டு மேசைக் காலை அறுத்துக் குறைப்பதும் நாற்காலியின் விலையில் சிறு பங்குக்குள் முடியும் திருத்தங்கள். கடைகள் இவற்றைச் சொல்லாததில் வியப்பில்லை. கைத்தாங்கிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். இரு கைகளும் சேர்ந்து உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பதால் அவற்றைத் தாங்குவது தோளுக்குப் பெரும் உதவி. ஆனால் உயரம் மாறாத கைத்தாங்கி மேசை விளிம்பில் முட்டினால், உட்காருபவர் மேசையிலிருந்து விலகி முன்னே குனிய நேர்கிறது.

மெத்தை தடித்தால் சுகம் மிகும் என்பாரும் உண்டு. உடற்பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரு முனைகளின் வழியே இறங்குவது என்பதால், மிக மென்மையான ஃபோம் அம்முனைகளை அடிப்பலகை வரை அமிழ விட்டுவிடுகிறது. வெப்பமும் கருதத்தக்கது: ரெக்சின் உறையிட்ட இருக்கை சென்னையின் சித்திரை வெயிலில் எப்படியிருக்கும் என்பதை அரசு அலுவலர்கள் நாற்காலியில் துண்டு விரித்த நாள்தொட்டே அறிவார்கள், அத்துண்டு பதவியின் அடையாளமாகவும் ஆகிவிட்டது வேறு செய்தி. காற்று புகும் பரப்பில் உடலைத் தாங்குவது வலைத்துணியின் புதுமையாக விளம்பரப்படுத்தப்பட்டாலும், பிரம்பு பின்னிய அலுவலக நாற்காலி அதை வெகுகாலமாகச் செய்து வந்தது. நாளடைவில் பின்னல் தொய்ந்து மரச்சட்டம் தொடையை அழுத்துவதே அதன் குறை.

இக்கூற்றுகள் அனைத்துக்கும் அடியில் கிடப்பது, உடலை ஒரே நிலையில் நிறுத்த வேண்டும் என்னும் எண்ணம். வளர்ந்தவர்களின் இடைத்தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறிப் பரவுவதன் வழியாகவே அதற்கு ஊட்டம் கிடைப்பதால், அழுத்தம் ஏறியிறங்கும்படி நிலை மாறிக்கொண்டிருப்பது அதற்கு உகந்தது. மனிதரின் உடலமைப்புக்கேற்பப் பணியிடத்தை வகுக்கும் பணிச்சூழலியல் துறையும் செங்கோணத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கணினிப் பணியிடங்களுக்கான 2007ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலை, நிமிர்ந்து அமர்தல், பின்சாய்ந்து அமர்தல், தொடை முன்சரிய அமர்தல், நிற்றல் என நான்கு நிலைகளையும் ஏற்கிறது. ஆகவே சாயும்போது முதுகும் இருக்கையும் வெவ்வேறு அளவில் சேர்ந்து நகரும் பொறியமைப்பும், உட்காருபவரின் எடைக்கேற்ப அதன் இறுக்கத்தை மாற்றும் குமிழும் நாற்காலியின் தலையாய உறுப்புகள். பந்தயக் காரின் இருக்கையைப் பின்பற்றிய விளையாட்டு நாற்காலி இதற்கு மாறானது. திருப்பங்களில் ஓட்டுநர் பக்கவாட்டில் சரியாதிருக்க எழுந்த அதன் சிறகுகளுக்கு, மணிக்கணக்கில் ஓரிடத்தில் இருக்கும் கணக்கரின் அறையில் எந்த வேலையும் இல்லை. அசைவு நல்லது என்பதற்காக உடற்பயிற்சிப் பந்தின்மேல் அமர்வதும் மறுகோடிக்கு ஓடுவதே. பந்தையும் அலுவலக நாற்காலியையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான கனடா ஆய்வொன்றில் தசை இயக்கத்தில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை, அசௌகரியம் மட்டும் பந்தில் கூடியிருந்தது.

சரியான நாற்காலி முதுகுவலியைத் தடுக்கும் என்பதற்கும் சான்று போதாது. பணியிடத்தில் உட்கார்ந்திருப்பது மட்டுமே கீழ்முதுகு வலிக்குக் காரணமாகிறது என்பதைத் தொகுப்பாய்வுகள் உறுதிசெய்யவில்லை. வாகன அதிர்வும் கோணலான நிலைகளும் சேரும்போதே தொடர்பு வலுப்பெறுகிறது என்று 2007இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று கண்டது. நாற்காலியால் அசௌகரியத்தைக் குறைக்க முடியும். அதற்குமேல் உறுதியளிக்கும் விளம்பரத்தை நம்பி, காலில் மரத்துப்போதலோ வலுவிழப்போ தோன்றிய ஒருவர் மருத்துவரைக் காண்பதைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும் என்னும் கடைசி நம்பிக்கை ஜாங், ஹெலாண்டர், டிரூரி ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வால் தளர்ந்தது. சுகமும் அசௌகரியமும் ஒரே கோலின் இரு முனைகள் அல்ல, தனித்தனி அனுபவங்கள் என்று அவர்கள் காட்டினர்: சுகம் மென்மையோடும் தோற்றத்தோடும் இளைப்பாறலோடும், அசௌகரியம் சோர்வோடும் உடல் அழுத்தத்தோடும் தொடர்புடையவை. கடையில் ஐந்து நிமிடம் அமர்பவர் அறிவது முன்னதை. பின்னது நேரம் செல்லச் செல்லவே கூடுகிறது. சில நாள் வைத்துப் பார்த்துத் திருப்பித் தர இசையும் கடையில் வாங்குவது இதற்கு ஒரு வழி. அது வாய்க்காவிட்டால், முழங்கால் மடிப்பு, தொடை, முழங்கை ஆகிய மூன்று அளவுகளையும் வீட்டிலேயே எடுத்துச் சென்று, இருக்கையின் மிகத் தாழ்ந்த உயரத்தையும் ஆழத்தையும் கடையில் அளவுநாடாவால் சரிபார்க்கலாம். வீட்டில் வெறுங்காலோடு பணியாற்றுபவர் அந்த முதல் அளவைச் செருப்பைக் கழற்றிவிட்டே எடுக்க வேண்டும்.