வால்யூமைக் கூட்டாதீங்க, காதைப் பாருங்க!

"அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். டிவியை அலற விட வேண்டியிருக்கு. நல்ல சவுண்ட்பார் ஒண்ணு சொல்லுங்களேன்."

ஊரை விட்டு வந்து குடியேறின நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்தா இந்தக் கேள்வி எப்படியும் வந்துடும். உடனே பத்துப் பேர் பதில் சொல்வாங்க. இத்தனை வாட்ஸ், தனி ஊஃபர், இந்தக் கம்பெனி, அந்த தீபாவளி ஆஃபர்னு பதில் நீண்டுகிட்டே போகும். "அம்மாவுக்கு ஆடியோகிராம் எடுத்தீங்களா?"ன்னு மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டாங்க.

கண்ணு சரியாத் தெரியலைன்னா கண் டாக்டரிடம் கூட்டிப் போறோம். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் "நல்லாயிருக்கும்மா"ன்னு வேற சொல்றோம். காதுன்னு வந்தா மட்டும் நேரே எலெக்ட்ரானிக்ஸ் ஷோரூம்! ஏன் சார் இந்த ஓரவஞ்சனை?

நான் சொல்ல வர்றது இதுதான். முதல் செலவு காதுப் பரிசோதனைக்கு. ரெண்டாவது செலவு, டிவி சத்தத்தைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிற சாதனத்துக்கு. ஹால் முழுக்க அதிர வைக்கிற சவுண்ட்பாருக்கு இந்த வரிசையில் கடைசி இடம்தான்.

"அட, டிவிதானேப்பா, இதுக்கு ஏன் இவ்வளவு?"ன்னு கேட்கிறீங்களா? ஊரில் இருக்கிற அம்மாவுக்கு டிவி ஒரு பொழுதுபோக்கு. திண்ணை இருக்கு, கோயில் இருக்கு, எதிர்வீட்டு அக்கா இருக்காங்க. நம்மோடு புனேயிலோ நொய்டாவிலோ இருக்கிற அம்மாவுக்கு? லிஃப்டில் பார்க்கிற அம்மணி இந்தி. காய்கறிக்காரர் மராத்தி. பேரப்பிள்ளை ஸ்கூல் விட்டு வந்து இங்கிலீஷில் பதில் சொல்லுது. நாம ரெண்டு பேரும் ஆபீஸ். பகல் பூரா அவங்களிடம் தமிழில் பேசுகிற ஒரே ஆள் அந்த டிவிதான். அதுவும் புரியாமப் போச்சுன்னா வீட்டில் என்ன மிச்சம்?

இதைவிட மோசமான ஒண்ணு இருக்கு. ஊரில் என்றால் காது மந்தம் சீக்கிரம் தெரிந்துவிடும். இங்கே தெரியாது. "அம்மாவுக்கு இந்தி வராது, அதான் யாரோடும் பேசறதில்லை"ன்னு நாமே ஒரு காரணம் சொல்லிக்கிறோம். தமிழில் நாலு வார்த்தையில் ஒண்ணு விழலைன்னாலும் இடம் பார்த்து ஊகிச்சுக்கலாம். அரைகுறையாத் தெரிஞ்ச பாஷையில் அந்த ஊகமும் நடக்காது. அதனால் அவங்க வாயை மூடிக்கிறாங்க. பாஷை மேல் பழியைப் போட்டுவிட்டு நாம நிம்மதியா இருக்கோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். வயசாகும்போது காதில் முதலில் போவது பொதுவா உயர் அதிர்வெண் ஒலிகள். பேச்சில் சத்தம் என்று நாம உணர்வது பெரும்பாலும் உயிர் எழுத்துகள், அவை தாழ்ந்த அதிர்வெண். வார்த்தைக்கு வார்த்தை வித்தியாசம் காட்டுகிற மெய்யெழுத்துகள் பலதும் மேலே, 2000 ஹெர்ட்ஸைத் தாண்டி இருக்கு. 'ஸ' மாதிரி ஒலிகள் 4000க்கும் மேலே. அது கேட்காத காதுக்கு கடை, படை, தடை, சடை எல்லாமே கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

அதனால்தான் "சத்தம் கேக்குதுடா, என்ன சொல்றான்னுதான் புரியலை"ன்னு அப்பா சொல்றார். அவர் சொல்வது மருத்துவப்படி அப்படியே சரி. நாமதான் காதில் வாங்கறதில்லை (நமக்குத்தான் மந்தம்!).

வால்யூமைக் கூட்டினால் என்ன ஆகும்? நல்லாக் கேட்கிற பின்னணி இசை இன்னும் நல்லாக் கேட்கும். ஊஃபர் வைத்தால் தாழ்ந்த ஒலிகள் பொங்கி வழிந்து வசனத்தை மூடிடும். அதுவும் நம்ம சீரியல்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாலே மூணு தடவை இடி இடிக்கும். பாதிக்கப்பட்ட உள்காதுக்கு இன்னொரு குணமும் உண்டு: மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் தாங்காது. "மெதுவாப் பேசினா கேக்கலைங்கறீங்க, சத்தமாப் பேசினா ஏன் கத்தறேங்கறீங்க"ன்னு பெரியவங்களைத் திட்டாத வீடு உண்டா? அது அவங்க பிடிவாதம் இல்லைங்க, காது நோயின் லட்சணம்.

தூரம் வேற. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். நம்ம ஃப்ளாட்டில் சுவரும் வழவழ டைல்ஸும் எதிரொலித்துக் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் அந்த எதிரொலியே வார்த்தையைக் குழப்பும். மேலே ஃபேன், அடுப்படியில் குக்கர், கீழே டிராஃபிக். பத்தடி தள்ளி இருக்கிற ஸ்பீக்கர் இத்தனையையும் தாண்டி வரணும்.

ஷோரூம்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். அவர் ஒரு சண்டைப் படம் போட்டுக் காட்டுவார். சோஃபா அதிரும், நாம கார்டை நீட்டுவோம். தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும் என்பது நிஜம்தான். அதனால் முன்னால் பார்க்கிற, வசனத்துக்குத் தனி நடுச் சேனல் உள்ள, பேச்சைத் தூக்கிக் காட்டும் வசதி உள்ள சவுண்ட்பார் லேசான குறைபாட்டுக்கு ஓரளவு உதவும். மறுக்கலை. குறைபாடு லேசா இல்லையான்னு எப்படித் தெரியும்? திரும்பவும் ஆடியோகிராம்தான்.

இனி, செய்ய வேண்டியதை வரிசையாச் சொல்றேன்.

1. பரிசோதனை: முதலில் இ.என்.டி. டாக்டர். சில சமயம் வெறும் அழுக்கு அடைப்பாக இருக்கும், எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு காது மட்டும் திடீரென ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்க, அது அவசரம். அப்புறம் ஆடியாலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரான்னு கேளுங்க, வெட்கப்பட வேண்டாம். மும்பை பாந்த்ராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கு. அதன் மண்டல மையங்கள் செகந்திராபாத், நொய்டா, கொல்கத்தாவில் இருக்கு. பெங்களூர்க்காரங்களுக்கு 1965ல் தொடங்கின மைசூர் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம். எல்லாம் மத்திய அரசு நிறுவனங்கள், உங்க வரிப்பணம்தான்.

முக்கியமா ஒண்ணு. பரிசோதனையில் வார்த்தையைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிற பகுதி ஒண்ணு உண்டு. அதை இந்தியிலோ கன்னடத்திலோ செய்தால் அம்மாவின் காதையா சோதிக்கிறோம், பாஷையையா? தமிழுக்கும் வார்த்தைப் பட்டியல்கள் இருக்கு. முன்கூட்டியே கேளுங்க. கூடவே போங்க, டிரைவரோடு அனுப்பி வைக்காதீங்க.

2. ஹியரிங் எய்ட் போடுகிறவர்களுக்கு: அந்த மெஷினின் மைக் ஃபேனையும் குக்கரையும் சேர்த்துத்தான் பிடிக்கும். அதனால் டிவி சத்தத்தை நேரே மெஷினுக்கு அனுப்புகிற ஒரு சின்னப் பெட்டி வேணும். ஃபோனாக், ஓட்டிகான், சிக்னியா, ரீசவுண்ட் எல்லாருமே விற்கிறார்கள். ஒரு கம்பெனி பெட்டி பெரும்பாலும் இன்னொரு கம்பெனி மெஷினுக்குச் சேராது. அதனால் மெஷின் வாங்கும்போதே "டிவி பெட்டி என்ன விலை?"ன்னு கேட்டுச் சேர்த்துப் பேரம் பேசுங்க. 2022ல் அறிவிக்கப்பட்ட ஆராகாஸ்ட் என்கிற ப்ளூடூத் முறை இந்தக் கம்பெனிச் சுவரை உடைக்கப் பார்க்குது. 2023லிருந்து சில டிவிகளிலும் ஹியரிங் எய்டுகளிலும் வருது. டிவி, மெஷின் ரெண்டிலும் இருந்தால்தான் பலன்.

3. மெஷின் போடாதவர்களுக்கு: டிவிக்கென்றே வருகிற கம்பியில்லா ஹெட்ஃபோன். சென்ஹைசரின் ஆர்.எஸ். வரிசை மாதிரி, டிவி பக்கத்தில் ஒரு அனுப்பும் பெட்டியோடு வருவது. சிலவற்றில் அந்தப் பெட்டியே சார்ஜ் ஸ்டாண்டும் கூட. பார்த்து முடித்ததும் மாட்டி வைத்தால் போதும், நடுங்குற விரலால் பொடி பின்னைச் செருக வேண்டாம். சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனில் சத்தம் கொஞ்சம் பின்தங்கும். காது மந்தமானவர்கள் தெரியாமலே உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிஞ்சுக்கிறாங்க, உதடும் சத்தமும் ஒட்டலைன்னா அந்தப் பாதியும் போச்சு. (டப்பிங் சீரியல் அவங்களுக்கு ஏன் பிடிக்கலைன்னு இப்பப் புரியுதா?)

காதை மூடுவது பிடிக்காதவர்களுக்கு, நாற்காலிக் கைப்பிடியில் வைக்கிற சின்ன கம்பியில்லா ஸ்பீக்கர் உண்டு. காலிங்பெல்லும் கேட்கும். நீள ஒயர் போட்ட ஹெட்ஃபோன் மட்டும் வேண்டவே வேண்டாம். தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் டிவி ஒலியெல்லாம் மறந்தே போகும்.

4. பொருத்தும்போது: ஆப்டிகல் துளை இருக்கான்னு வாங்குமுன் டிவியின் முதுகைப் பாருங்க. டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஒலியை 'பி.சி.எம்.' என்று மாற்றுங்க, 'டால்பி'யில் விட்டால் பல ஹெட்ஃபோன் பெட்டிகளில் சத்தமே வராது. ஹெட்ஃபோனிலும் டிவி ஸ்பீக்கரிலும் ஒரே நேரம் சத்தம் வருதான்னு பாருங்க. வரணும். அப்பத்தான் பாட்டியும் பேத்தியும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்க முடியும்.

5. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வருகிற "காது மெஷின்": அது வெறும் ஒலிபெருக்கி. எந்த அதிர்வெண் எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது, குக்கர் விசிலையும் சேர்த்துத் தூக்கும். ரெண்டு நாள் போட்டுவிட்டு "இதெல்லாம் எனக்கு ஒத்துக்கலை"ன்னு அலமாரியில் வைப்பாங்க. அப்புறம் நல்ல மெஷினையும் தொட மாட்டாங்க.

இப்ப சாக்குப்போக்குகளைப் பார்ப்போம்.

"அப்பாவே வேண்டாங்கறார்." ஏன் வேண்டாங்கறார்? 'செவிட்டு மெஷின்'னு நாம வைத்த பேர் அப்படி. தமிழ் சினிமாவில் காது கேட்காதவர் எத்தனை தடவை வெறும் சிரிப்புக்கு வந்திருக்கார்! வீட்டில் நாம செய்வதும் அதேதான். அவர் தப்பாப் பதில் சொன்னதும் எல்லாரும் சிரிக்கிறோம், அப்புறம் "ஒண்ணுமில்லப்பா, விடுங்க"ன்னு முடிச்சுடறோம். அந்த "விடுங்க"வை நாள் பூரா கேட்கிறவர் எதைத்தான் வேணும்பார்?

"விலை அதிகம்." உண்மை. நல்ல ஹியரிங் எய்ட் ஒரு ஜோடி லட்சத்தைத் தாண்டும். ஆனால் எல்லாருக்கும் அது தேவையில்லை, குறைந்த விலையிலும் சரியாகச் சரிசெய்த டிஜிட்டல் மெஷின் கிடைக்கும். ஹியரிங் எய்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் 'அடிப்' திட்டம் இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை போன் மாற்றுகிற நாம விலையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

"வயசானா அப்படித்தான்." 60 வயசுக்கு மேல் நாலில் ஒருத்தருக்கு மேல் இந்தக் குறை இருக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் சும்மா விடலாம்னு அது சொல்லலை. மறதி நோய்க்கு, மாற்ற முடிகிற காரணங்களின் பட்டியலில் 2017லிருந்தே லான்செட் குழு காது மந்தத்தைச் சேர்த்திருக்கு, 2024 அறிக்கையிலும் அது இருக்கு.

கடைசியா நம்ம சேனல்களுக்கு. 2016ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 42வது பிரிவில் மின்னணு ஊடகங்களில் எழுத்து வசனம் வேணும்னு இருக்கு. 2019ல் தொலைக்காட்சிக்கு மத்திய அரசு தரநிலையும் வெளியிட்டது. நம்ம தமிழ் சீரியல்களில் தமிழ் எழுத்தை எங்கே காணோம்? ஓ.டி.டி.யிலும் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் இங்கிலீஷ் சப்டைட்டில்தான். இங்கிலீஷ் தெரியாமல் தினத்தந்தி எழுத்துக்கூட்டிப் படிக்கிற அம்மாவுக்குத் தமிழ் வசனத்தைத் தமிழில் எழுதிக் காட்ட என்ன நஷ்டம்? சந்தா நாமதான் கட்டறோம். கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் தட்டுங்க. சீரியல் கதாநாயகி செத்தாளா பிழைச்சாளான்னு கேட்டு எழுதறவங்க இதுக்கும் எழுதலாமே :-)

வர்ற சனிக்கிழமை மால், சினிமா எல்லாம் ஒரு வாரம் தள்ளிப் போகட்டும். அம்மாவையோ மாமனாரையோ கூட்டிக்கொண்டு காதுப் பரிசோதனைக்குப் போங்க. அந்த ஆடியோகிராம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறமா எந்தச் சாதனம்னு கேளுங்க. தெரிந்ததைச் சொல்றேன்.

டிஸ்கி: மேலே சொன்ன எந்தக் கம்பெனியிடமும் நான் காசு வாங்கலை. நான் டாக்டரும் இல்லை. எதை வாங்கினாலும் முதலில் பெரியவங்க காதில் மாட்டி, தமிழ் செய்தி போட்டு, என்ன சொன்னாங்கன்னு அவங்களையே கேட்டுவிட்டு அப்புறம் காசு கொடுங்க.