பெரிய காபரேற்றர் பெரிய பலன் தருமா?

இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் மீண்டும் தோட்டம் செய்யத் தொடங்கும்போது காணி குத்தகையாக இருக்கலாம், கிணறு அயலவருடையதாக இருக்கலாம். நீரிறைக்கும் இயந்திரம் மட்டும் அநேகமாகச் சொந்தமானதாக இருக்கும். அது நாலு நாள் நின்றால் வெங்காயப் பாத்தி காய்ந்துவிடும். ஆகவே அதன் திருத்த வேலையில் நாம் எடுக்கும் முடிவு ஒவ்வொன்றும் வீட்டுச் சாப்பாட்டுடன் தொடர்புடையது.

எஞ்சினைத் திருத்திப் பெருப்பித்தால் காபரேற்றரையும் பெரிதாகப் போட வேண்டும் என்ற எண்ணம் எம்மிடையே உண்டு. பழைய மோட்டார் சைக்கிள் காபரேற்றரைக் கழற்றிப் பம்மில் பூட்டுவோரும் உளர். இது வீண் செலவு என்பதுடன் எஞ்சினுக்கும் கேடு என்பதே எமது கருத்து.

கணக்கைப் பார்ப்போம். தோட்டங்களில் பரவலாக உள்ள ஹொண்டா ஜீஎக்ஸ் 160 எஞ்சினின் கொள்ளளவு 163 சீசீ. அதன் சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீற்றர். தேய்ந்த சிலிண்டரை றீபோர் செய்து 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்ரன் போட்டால் கொள்ளளவு ஏறக்குறைய 165 சீசீ ஆகும். கூடுவது நூற்றுக்கு ஒன்றரைதான். இதற்காகக் காபரேற்றர் மாற்றத் தேவையில்லை.

போர் ஸ்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடும்போது 163 சீசீ எஞ்சின் இழுக்கக்கூடியது கூடினால் 293 லீற்றர் காற்று. வெளிநாடுகளில் இதே எஞ்சினைச் சிறிய பகி வண்டிகளில் பூட்டி, கவர்னரைக் கழற்றி, 6000 சுற்று வரை ஓட்டுவார்கள். அப்போது தேவை 489 லீற்றராக உயரும். அவர்களுக்குப் பெரிய காபரேற்றர் வேண்டும். எமது பம் 3600 சுற்றைத் தாண்டுவதில்லை, தாண்டவும் கூடாது.

காபரேற்றரின் நடுவே உள்ள ஒடுங்கிய வழியில் காற்று வேகமாகப் போவதால்தான் எரிபொருள் ஜெற் வழியாக மேலே இழுக்கப்படுகிறது. வழி அளவுக்கு மீறி அகன்றால் காற்றின் வேகம் குறையும், இழுவை குறையும். எஞ்சின் ஸ்ராட் எடுக்கக் கஷ்டப்படும், பாரம் ஏறும்போது திணறும். அதைச் சரிக்கட்டப் பெரிய ஜெற் போட்டால், எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும். றிங் விரைவில் தேயும்.

மோட்டார் சைக்கிள் காபரேற்றரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது எஞ்சினின் கவர்னருடன் இணையாது. கிணற்றில் நீர் வற்றிப் பம் காற்றை இழுக்கத் தொடங்கினால் பாரம் நீங்கி எஞ்சின் பறக்கும். அவ்வேளை வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர்தான். அந்த இணைப்பு இல்லாவிட்டால் எஞ்சின் உடைந்துபோகலாம்.

எரிபொருளை மாற்றும் விடயம் வேறு. 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை நிலவியபோது, பெற்றோல் கிடைக்காமல் எமது மக்கள் மண்ணெண்ணெயில் எஞ்சின்களை ஓட்டினார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தக் கெட்டித்தனத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் பெற்றோல் எஞ்சினின் அமுக்கம் மண்ணெண்ணெய்க்குக் கூடுதலானது. பாரம் ஏறும்போது தட்டுச் சத்தம் வரும். இதைக் காபரேற்றர் மாற்றித் தீர்க்க முடியாது. மண்ணெண்ணெய்க்கென்றே குறைந்த அமுக்கத்துடன் செய்த எஞ்சின் வேண்டும். அதிலும் நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரைச் சுத்தமாக்க வேண்டும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதையும் மறக்கக்கூடாது. மலிவை மட்டும் நம்பி எஞ்சினை மாற்றுவது நிலையான வழியல்ல.

காபரேற்றர் வாங்குமுன் செய்ய வேண்டியவை சில. காற்று வடியைக் கழுவுங்கள். ஜெற்றைக் கழற்றி ஊதுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கஸ்கற்றில் காற்று ஒழுகுகிறதா என்று பாருங்கள். பின்பு பம்மைப் பாரத்துடன் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கோப்பி நிறமாயின் அளவு சரி. கரி படிந்திருந்தால் எரிபொருள் கூட. வெள்ளையாக இருந்தால் எரிபொருள் குறைவு. அப்படியே ஓட்டினால் சூடேறிப் பிஸ்ரன் இறுகும்.

அப்படியும் மாற்றத்தான் வேண்டுமென்றால் பழையதைக் கையில் கொண்டு கடைக்குப் போங்கள். வாயின் விட்டம், ஆணித் துளைகளின் இடைவெளி, கவர்னர் இணையும் பக்கம், ஜெற்றில் பொறித்த எண் ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். 163 சீசீ எஞ்சினின் காபரேற்றரும் 196 சீசீ எஞ்சினின் காபரேற்றரும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும், ஜெற் வேறு. கண்ணை நம்பி வாங்கக்கூடாது.

உதவி நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்வோம். பம்மைக் கையளித்துப் படம் எடுத்தவுடன் உதவி முடிந்துவிடுவதில்லை. அதனுடன் ஒரு பிளக், இரண்டு கஸ்கற், உரிய ஜெற் ஒன்று, ஒரு நாள் பயிற்சி ஆகியனவும் சேர வேண்டும். கிராமத்துக்கு ஒரு பொது உதிரிப் பெட்டியை எமது சங்கங்களே வைத்திருக்கலாம். ஒரு சிறிய ஜெற் கையில் இருந்தால் ஒரு போகம் தப்பும்.