தக்காளிக் கணக்கிலிருந்து எக்ஸெல் தொடங்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் "எக்ஸெல் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். "கோர்ஸ் முடித்திருக்கிறேன், ஆனால் பயன்படுத்துவதில்லை" என்பார்கள். பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தப்பா மகளும் அதையே சொன்னாள். ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் படித்துச் சர்டிபிகேட் வாங்கியவள். செல்லுக்கு வண்ணம் கொடுப்பது, பார்டர் போடுவது, விதவிதமாகச் சார்ட் வரைவது எல்லாம் அத்துப்படி. அங்கே பயிற்சிக்குக் கொடுத்தது யாரோ பத்து மாணவர்களின் மார்க் ஷீட். அந்த மாணவர்களும் நிஜமில்லை, மார்க்கும் நிஜமில்லை. வீட்டிலோ அப்பா விற்ற தக்காளியின் கணக்கு, மண்டிச் சீட்டுகளாக ஆணியில் குத்தித் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கருத்து இதுதான். எக்ஸெல்லை மெனு மெனுவாகப் படிக்காதீர்கள். வீட்டில் ஏற்கனவே பேப்பரில் இருக்கும் ஒரு கணக்கோடு உட்காருங்கள். அந்தக் கணக்கில் உங்களுக்குப் பதில் தெரிந்தாக வேண்டிய ஒரு கேள்வி இருக்கட்டும்.

பாலக்கோடு பக்கம் அந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. தர்மபுரி மாவட்டத்தில் தக்காளி மார்க்கெட்டுக்குப் பெயர் போன ஊர் இது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றது தக்காளியைத்தான். வேறு பருவத்தில் பறிகூலிக்குக்கூடத் தேறாமல் செடியிலேயே விடப்படுவதும் அதே தக்காளிதான். "நாளைக்கு ஆள் விட்டுப் பறிக்கலாமா, வேண்டாமா?" இதுதான் சித்தப்பாவின் கேள்வி.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். புரிவதற்காகத் தொகைகளை முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். முதல் வரிசையில் தலைப்புகள். ஏ முதல் எச் வரை வரிசையாகத் தேதி, பெட்டி, பெட்டி விலை, விற்பனை, கமிஷன், பறிகூலி, வண்டி வாடகை, மீதி. இரண்டாம் வரிசையில் பி2-இல் 40, சி2-இல் 150 என்று டைப் செய்தோம். டி2-க்கு வந்ததும் அவள் செல்போனை எடுத்துப் பெருக்கி 6000 என்று அடிக்கப் போனாள். மூன்று மாதப் படிப்பில் விட்டுப்போனது இந்த ஒரே இடம்தான்! எக்ஸெல்லில் விடையை டைப் செய்யக் கூடாது, விடை வரும் வழியைத்தான் டைப் செய்ய வேண்டும்.

டி2-இல் =பி2*சி2 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். (இங்கே தமிழில் எழுதியிருக்கும் எழுத்துகளை நீங்கள் ஆங்கிலத்தில் டைப் செய்ய வேண்டும்.) 6000 வரும். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் இ2-இல் =டி2*10%. பறிகூலி நான்கு ஆளுக்கு 1200, வாடகை 600 என்று எஃப்2, ஜி2-இல் நேரடியாகக் கொடுக்கலாம். எச்2-இல் =டி2-இ2-எஃப்2-ஜி2. மீதி 3600. அடுத்த நாளுக்கு மறுபடி பார்முலா அடிக்க வேண்டியதில்லை. செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் போதும், 2 என்பது தானாகவே 3, 4 என்று மாறிக்கொள்ளும். டாலர் குறி போடும் விஷயம் இப்போது வேண்டாம், தேவைப்படும் அன்று கற்றுக்கொள்ளலாம்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, "வெலைய அம்பதுன்னு போடு பாப்பா" என்றார். போட்டாள். விற்பனை 2000, கமிஷன் 200, மீதி பூஜ்யம். "அப்போ அம்பதுக்குக் கீழ போனா நம்ம கைக்காசுதான் போவும்." நாற்று, உரம், மருந்துச் செலவு இதில் சேரவில்லை. அவை ஏற்கனவே செலவாகிவிட்டவை. நாளைக்குப் பறிப்பதா என்ற முடிவுக்கு அவை தேவையில்லை. மொத்தப் பருவத்தின் லாப நஷ்டத்துக்குத்தான் தேவை. அதற்கு இன்னொரு ஷீட் திறந்தோம்.

ஸ்ப்ரெட்ஷீட் பிறந்ததே இப்படி ஓர் எண்ணை மாற்றிப் பார்ப்பதற்காகத்தான். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் மாணவராக இருந்த டான் பிரிக்ளின், ஒரு தொகையை மாற்றினால் மொத்தக் கணக்கையும் அழித்து எழுத வேண்டிய தொல்லைக்கு வழி தேடினார். பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க், 1979-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக வெளிவந்தது. எக்ஸெல் வந்தது 1985-இல்தான், அதுவும் முதலில் மேக்கின்டாஷுக்கு. எக்ஸெல் வாங்கக் காசில்லை என்பவர்கள் லிப்ரே ஆபீஸின் கால்க்கை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மேலே சொன்ன பார்முலாக்கள் அதிலும் அப்படியே வேலை செய்யும்.

இரண்டு இடத்தில் மட்டும் உஷாராக இருங்கள். 150 என்பதை "150 ரூ" என்று அடித்தால் அது எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும். பெருக்கினால் பிழை காட்டும், பரவாயில்லை. கூட்டினாலோ சத்தமே இல்லாமல் அதை விட்டுவிடும். நீங்கள் எதுவும் மாற்றாதவரை எண் செல்லின் வலது பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்து இடது பக்கம் ஒட்டும். கண்ணாலேயே பிடித்துவிடலாம்.

அடுத்தது கூட்டல். எஸ், யு, எம் என்ற மூன்று எழுத்தும் போட்டு எச்2 முதல் எச்31 வரை கூட்டச் சொல்கிறீர்கள். பிறகு கடைசியில் ஒரு வரிசை சேர்த்தால் அது கூட்டலுக்குள் வராமல் போகலாம். பெரிய மனிதர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. பொருளாதார அறிஞர்கள் ரெயின்ஹார்ட், ரோகாஃப் இருவரும் நாடுகளின் கடன் பற்றி 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், 20 நாடுகளுக்குச் சராசரி எடுக்க வேண்டிய செல்கள் 15 நாட்டோடு நின்றுவிட்டன. 2013-இல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர். கட்டுரை மீதான சர்ச்சைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் தவறு தவறுதான். மொத்தத்துக்கு மேலே ஒரு காலி வரிசை விட்டு, அதையும் சேர்த்தே கூட்டச் சொல்லுங்கள். புது வரிசைகளை அந்தக் காலி வரிசைக்கு மேலேயே நுழையுங்கள்.

சித்தப்பா இன்னமும் மண்டிச் சீட்டை ஆணியில்தான் குத்துகிறார். ராத்திரி அவள் அதை எடுத்து டைப் செய்து, டி காலத்தில் வரும் தொகையும் சீட்டுத் தொகையும் ஒன்றுதானா என்று பார்த்து, மூலையில் பேனாவால் ஒரு டிக் அடித்து, மறுபடி ஆணியிலேயே மாட்டிவிடுகிறாள்.