யாருடைய காட்டுக்கு யார் தரும் உரிமம்?

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் குழாயைத் திறந்தால் வருவது மூடா ஆற்று நீர். லகார் தியாங்கில் எடுக்கப்பட்டு, சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு வீடு சேரும் அந்த நீரின் பிறப்பிடம் கெடாவின் உலு மூடா காடு. பினாங்கின் குடிநீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு இந்த ஆற்றை நம்பியே இருக்கிறது. ஆகவே, காடழிப்பை எங்கோ நடக்கும் சேதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

கிளந்தானின் குவா மூசாங்கில் தெமியார் பூர்வகுடிகள் காடழிப்பை எதிர்த்து 2016இல் மூங்கிலையும் மரக்கட்டைகளையும் பாதையின் குறுக்கே கட்டி லாரிகளை மறித்தார்கள். தடுப்புகள் பிடுங்கப்பட்டன, பலர் கைதானார்கள். மீண்டும் கட்டினார்கள். மரம் வெட்டியவர்களிடமும் டுரியான் தோட்டம் போட வந்தவர்களிடமும் மாநில அரசின் உரிமம் இருந்தது. மனத்தைச் சுடுவது இதுதான்: பாட்டன் பூட்டன் புதைந்த மண்ணில் நிற்பவர் குற்றவாளி, காகிதத்தோடு நேற்று வந்தவர் சட்டத்தை மதிப்பவர்!

நீதிமன்றங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1997இல் அடோங் வழக்கிலும் 2002இல் சாகோங் தாசி வழக்கிலும் பூர்வகுடிகளின் மரபுவழி நில உரிமை ஏற்கப்பட்டது. 2019 ஜனவரியில் தெமியார் மக்களுக்காக மத்திய அரசே கிளந்தான் அரசின் மீது வழக்குத் தொடுத்தது. ஆனால், அரசமைப்பின்படி நிலமும் காடும் மாநிலங்களின் கையில்தான் இருக்கின்றன.

மாநிலங்கள் செய்ய வேண்டியது தெளிவு. மரபு நிலங்களை அளந்து அரசிதழில் பதியும்வரை புதிய உரிமம் எதுவும் கூடாது. கொடுத்தவற்றை நிறுத்திவைக்க வேண்டும். அளக்கப் போகும் அதிகாரிகள், எல்லை அறிந்த கிராமத்துப் பெரியவர்களை உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.